சேவ் செய்யும்போது எடிட்டர் வரி முடிவைத் திருத்தலாமா?

செந்தூல் நிரலர்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் நாம் சிலர் சேர்ந்து, தமிழ்ப்பள்ளிகளுக்கான எழுத்துப்பிழைத் திருத்திக்குச் சொற்பட்டியல் தொகுத்து வருகிறோம். வரிக்கு ஒரு சொல், முதல் எழுத்துக்கு ஒரு கோப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது 'அன்னைஆக்கம்' என்று ஒரு சொல் வந்து நிற்கிறது. அகரக் கோப்பின் கடைசிச் சொல் 'அன்னை'. அதற்குப் பின்னால், வரி இங்கே முடிகிறது என்று கணினிக்குச் சொல்லும் வரி முடிவுக் குறி இல்லை. அடுத்த கோப்பு 'ஆக்கம்' என்று தொடங்குகிறது. கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் கேட் கட்டளை இரண்டையும் ஒட்டிவிட்டது. இப்போது 'அன்னை'யும் பட்டியலில் இல்லை, 'ஆக்கம்' என்பதும் இல்லை. பிள்ளைகள் சரியாக எழுதினாலும் சிவப்புக் கோடு விழும்.

மகரக் கோப்பில் வேறு தொல்லை. அது விண்டோஸில் சேவ் ஆனது. வரிக்கு வரி சிஆர், எல்எஃப் என்று இரண்டு பைட்டுகள், அதாவது 13, 10. நம் நிரல் 10-ஐ மட்டும்தான் வெட்டுகிறது. அதனால் பட்டியலில் உள்ள 'மலை'க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு 13 ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாணவர் எழுதும் 'மலை' அதோடு பொருந்தாது.

என் யோசனை இதுதான்: எல்லாரும் எடிட்டரில், அதாவது கோப்பைத் திறந்து திருத்தும் செயலியில், இரண்டு அமைப்புகளைப் போட்டுவிடுவோம். சேவ் செய்யும்போது வரி முடிவெல்லாம் எல்எஃப் ஆகட்டும். கோப்பின் கடைசியில் குறி இல்லையென்றால் எடிட்டரே சேர்த்துவிடட்டும்.

பாயான் லெப்பாஸ் தம்பி

அண்ணே, நீங்கள் சொன்ன கோளாறு இரண்டும் உண்மை. ஆனால் எடிட்டர் அமைப்பை எல்லார் கணினியிலும் மாற்றச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த அமைப்பு சொற்பட்டியலோடு நிற்காது. அந்த எடிட்டரில் திறக்கும் எல்லாக் கோப்பிலும் கை வைக்கும்.

எங்கள் தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்களுக்குத் தனித்தனி அமைப்புக் கோப்புகள் உண்டு. அவற்றைப் படிப்பது ஒரு பழைய விண்டோஸ் நிரல். அதற்கு 13, 10 இரண்டும் இருந்தால்தான் வரி முடிந்தது என்று தெரியும். ஒருவருடைய மடிக்கணினியில் நீங்கள் சொல்லும் அதே அமைப்பு இருந்தது. அவர் ஒரே ஒரு எண்ணை மாற்றி சேவ் செய்தார். இயந்திரம் மொத்தக் கோப்பையும் ஒரே வரியாகப் படித்துவிட்டு நின்றுபோனது. இரவு ஷிப்ட் முழுக்க எல்லாரும் அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எண்ணில் ஒரு தப்பும் இல்லை.

நான் தொட்டதை மட்டும் எடிட்டர் மாற்ற வேண்டும். தொடாத பைட்டுகள் திறந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே டிஸ்க்குக்குத் திரும்பிப் போக வேண்டும்.

பட்டர்வொர்த் டீச்சர்

தம்பி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ளகரக் குழப்பம் இருந்த ஒரு சொல்லை மட்டும்தான் திருத்தி அனுப்பினேன். எடிட்டர் வரி முடிவையெல்லாம் மாற்றிவிட்டது போல. மாற்றங்களைக் காட்டும் டிஃபில் பார்த்தால் மொத்தக் கோப்பும் சிவப்பும் பச்சையுமாக இருக்கிறது. நான் மாற்றிய சொல் எது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. இதை யார் சரிபார்ப்பது? நாளைக்கு ஒரு சொல் தப்பு என்று தெரிந்தால், யார் சேர்த்தது என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைக் கேட்டால், எல்லா வரிக்கும் என் பெயரைத்தான் காட்டும்.

செந்தூல் நிரலர்

டீச்சர், அது ஒரு தடவைதான் நடக்கும். எல்லாக் கோப்பும் எல்எஃப் ஆனபிறகு டிஃப் சுத்தமாக வரும். அந்த ஒரு கமிட்டை, அதாவது பதிவை, கணக்கில் எடுக்காதே என்று, எந்த வரியை யார் எழுதியது எனக் காட்டும் கிட் பிளேமிடம் சொல்லிவைக்கலாம். 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

தம்பிக்கு: தொடாத பைட்டை எடிட்டர் தொடக்கூடாது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில் பல எடிட்டர்கள் அப்படி இல்லை. ஒரே கோப்பில் இரண்டு வகை முடிவும் கலந்திருந்தால், விஎஸ் கோட் எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு மீதியையும் அதற்கே மாற்றிவிடும். கடைசிக் குறி இல்லாத கோப்பை விம் சேவ் செய்தால், நீங்கள் தடுக்காதவரை குறியைச் சேர்த்துவிடும். அதைத் தடுப்பதற்கென்று தனி அமைப்பு வந்ததே 2015-இல்தான்.

கடைசிக் குறி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போசிக்ஸ் தரத்தின்படி வரி என்றாலே முடிவுக் குறியோடு முடிவதுதான். குறி இல்லாத கடைசித் துண்டை, வரிகளை எண்ணும் டபிள்யூசி கட்டளை எண்ணாது. கட்டளைகளை இயக்கும் ஷெல்லில் வரிவரியாகப் படிக்கும் ரீட் சுற்று அதை விட்டுவிடும். டெபியன் லினக்ஸில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் கடைசி வரிக்குக் குறி இல்லையென்றால் அட்டவணையே பழுது என்று எடுத்துக்கொள்ளும். இத்தனை கருவிகள் எதிர்பார்க்கும் ஒரு பைட்டை எடிட்டர் சேர்ப்பதில் என்ன குறை?

பாயான் லெப்பாஸ் தம்பி

போசிக்ஸ் யுனிக்ஸ் உலகத்துக்கான தரம், அண்ணே. காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பான சிஎஸ்வி-க்கான ஆர்எஃப்சி 4180 ஆவணத்தைப் பாருங்கள்: வரி முடிவு சிஆர்எல்எஃப், கடைசிப் பதிவுக்குப் பின் குறி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இணையப் பக்கங்களுக்கான எச்டிடிபி 1.1 தலைப்பு வரிகளும் மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி-யும் சிஆர்எல்எஃப்தான். எது சரி என்பது அந்தந்தக் கோப்பு வடிவத்தைப் பொறுத்தது. எடிட்டருக்கு அது தெரியாது.

நம் பிரச்சினைக்கு வழி படிக்கும் பக்கத்தில் இருக்கிறது. நிரல் 13-ஐயும் சேர்த்து வெட்டட்டும். கோப்புகளைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் இடையில் குறி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் போடட்டும். பத்து வரி வேலை.

செந்தூல் நிரலர்

நம் நிரலைத் திருத்திவிடலாம். ஆனால் பட்டியலை நாம் இலவசமாக வெளியிடப் போகிறோம். அதை எடுத்து விசைப்பலகைச் செயலியிலோ வேறெதிலோ போடுகிறவர் எழுதும் நிரலை யார் திருத்துவது? கோப்பு சுத்தமாக இருந்தால் படிக்கிறவர் எல்லாருக்கும் நல்லது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா

இரண்டு பேரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஆளுக்கு ஒரு எடிட்டர் அமைப்பு என்று விட்டாலும் சரி, ஸ்கிரிப்டில் மாற்றினாலும் சரி, குறியாக்கம், அதாவது எழுத்துகள் எந்த பைட்டுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்பது, தெரியாமல் மாற்றினால் தமிழே போய்விடும். ஈகாரக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு வரி தமிழ். அதோடு ஒட்டியபடி சீன எழுத்தும் கொரிய எழுத்துமாக ஒரு குப்பை. அடுத்த வரியில் மறுபடி தமிழ், மறுபடி குப்பை. கடைசிவரை இப்படியே.

யாரோ நோட்பேடில் 'யூனிகோட்' என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்திருக்கிறார்கள். பழைய நோட்பேடில் அதற்குப் பொருள் யூடிஎஃப்-16 என்ற குறியாக்கம். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட். 'க' என்றால் 149, 11. எல்எஃப் என்றால் 10, 0. பிறகு யாரோ ஒருவரின் ஸ்கிரிப்ட், பைட் பைட்டாகப் பார்த்து, ஒவ்வொரு 10-க்கும் முன்னால் ஒரு 13-ஐச் செருகியிருக்கிறது. அந்த ஒற்றை பைட்டால் அதற்குப் பின் வரும் ஜோடிகளெல்லாம் ஒரு பைட் நகர்ந்துவிட்டன. 'க'வின் 11, தனக்கு அடுத்த எழுத்தின் பைட்டோடு சேர்ந்துகொள்கிறது. ககரத்து 149 சீன எழுத்துகள் இருக்கும் பகுதிக்குப் போகிறது, மகரத்து 174 கொரிய எழுத்துகள் இருக்கும் பகுதிக்கு. அடுத்த வரி முடிவில் இன்னொரு 13 வந்ததும் மறுபடி ஜோடி சரியாகிவிடுகிறது. அதனால்தான் ஒன்று விட்டு ஒன்று.

முதலில் எல்லாம் யூடிஎஃப்-8 குறியாக்கம் ஆகட்டும். அதில் தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாம் 128 அல்லது அதற்கு மேல்தான் இருக்கும். 10-உம் 13-உம் எழுத்துக்கு நடுவில் வரவே வராது. வரி முடிவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பட்டர்வொர்த் டீச்சர்

அக்கா, இதைக் கேட்டபிறகு தம்பி கட்சியில்தான் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். கேட்காமல் மாற்றியதால் வந்ததுதானே இது? எங்கள் பள்ளிக் கணினிகளில் சிலவற்றில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. அந்த நோட்பேடுக்கு எல்எஃப் தெரியாது, எல்லாச் சொல்லையும் ஒரே வரியில் ஓட்டிக் காட்டுகிறது. விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பில்தான் அது சரியானது. எல்லாம் எல்எஃப் என்றால் அந்தக் கணினிகளில் உட்கார்ந்து சொல் சேர்க்கிற ஆசிரியர்கள் என்ன செய்வது?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா

அதற்குத்தான் கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற விதிக் கோப்பு, டீச்சர். பட்டியல் கோப்புகளை உரை என்று அதில் குறித்துவிட்டால், ரெப்போவுக்குள், அதாவது கோப்புகள் எல்லாம் இருக்கும் கிட் களஞ்சியத்துக்குள், எல்எஃப்தான் இருக்கும். உங்கள் விண்டோஸ் கணினியில் எடுக்கும்போது சிஆர்எல்எஃப் ஆக மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம், கமிட் செய்யும்போது கிட்டே திரும்ப மாற்றிக்கொள்ளும். எடிட்டரில் எதையும் தொட வேண்டாம். இந்த விதி ரெப்போவோடு சேர்ந்தே போகும், தம்பியின் இயந்திரக் கோப்பு பக்கம் போகாது.

பாயான் லெப்பாஸ் தம்பி

இதற்கு நான் சரி சொல்கிறேன். விதி எழுதப்பட்டிருக்கிறது, எந்தக் கோப்புக்கு என்று தெரிகிறது, டிஃபில் யாரும் பார்க்கலாம்.

செந்தூல் நிரலர்

கிட்ஆட்ரிபியூட்ஸ் கடைசிக் குறியைச் சேர்க்காது. 'அன்னைஆக்கம்' மறுபடி வரும். அதற்கு, எப்படி சேவ் செய்ய வேண்டும் என்று எடிட்டருக்குச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்று ரெப்போவில் வேண்டும். அதுவும் அந்த ஃபோல்டருக்குள் மட்டும்தான் செல்லும், தம்பி.

பாயான் லெப்பாஸ் தம்பி

நோட்பேட் அதைப் படிக்காது. விஎஸ் கோடுக்கும் தனி நீட்சி வேண்டும். பாதிப் பேருக்கு வேலை செய்யும், பாதிப் பேருக்குச் செய்யாது. புஷ் செய்யும்போது, அதாவது மாற்றங்களை ரெப்போவுக்கு அனுப்பும்போது, சோதனை ஓடி, எந்தக் கோப்பில் கடைசிக் குறி இல்லை என்று பெயர் சொல்லித் திருப்பி அனுப்பட்டும். ஆளே திருத்தட்டும்.

செந்தூல் நிரலர்

சொல் சேர்க்க வந்த ஆசிரியரைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட்டுக்காகத் திருப்பி அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. எடிட்டர்கான்ஃபிக்கும் இருக்கட்டும், சோதனையும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை இரவு முதலில் ஈகாரக் கோப்பைப் பழைய கமிட்டிலிருந்து மீட்டு யூடிஎஃப்-8 ஆக்குகிறேன். அப்புறம் கிட்ஆட்ரிபியூட்ஸ், வரி முடிவு மாற்றம் மட்டும் ஒரு தனி கமிட்டில். அதில் ஒரு சொல்கூட மாறாது. அதுவரை யாரும் புஷ் செய்ய வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் தம்பி

எடிட்டர்கான்ஃபிக்கில் கடைசிக் குறி மட்டும் இருக்கட்டும், அண்ணே. வரி முடிவு எது என்ற வரியை அதில் போடாதீர்கள், டீச்சரின் சிஆர்எல்எஃப்போடு மோதும். சோதனை ஸ்கிரிப்டை நான் எழுதுகிறேன்.