காட்டுப்பன்றிக்கு நாய் பழக்குவது: புதிதாகத் தொடங்குபவர் எந்த இனத்தை எடுப்பது, எதற்காக எடுப்பது?

தண்டையார்பேட்டை புதியவன்:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமாவுக்கு ஊத்துக்கோட்டைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, வேர்க்கடலை நிலம் இருக்கிறது. காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் இரவில் கூட்டமாக இறங்கிப் பாத்தி பாத்தியாகக் கிளறிவிட்டுப் போகின்றன. டெக்சாஸில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், அங்கே நாய்களைக் கொண்டு பன்றி வேட்டையாடும் முறையை எனக்கு விரிவாக எழுதியிருந்தார். அதைப் படித்தபின், நல்ல குட்டி ஒன்றை வாங்கி, தண்டையார்பேட்டை வீட்டிலேயே அடிப்படைப் பயிற்சி கொடுத்து, வளர்ந்தபின் மாமாவின் நிலத்துக்குக் கொண்டுபோய் வேட்டைக்குப் பழக்கலாம் என்று எண்ணுகிறேன். நாய் வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகியவற்றில் எதை எடுக்கலாம், அல்லது டோகோ அர்ஜென்டினோ போன்ற வெளிநாட்டு இனம்தான் சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் ஏரிக்கரை:

தம்பி, சிப்பிப்பாறையையும் கன்னியையும் முதலிலேயே இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கும் இனங்கள். முயல் வேட்டைக்குப் பேர்போனவை. தோல் மெல்லியது, உடம்பில் கொழுப்பு கிடையாது, விரட்டும்போது குரல் கொடுப்பதும் அரிது. ஆண் பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பல், மேல்பல்லோடு ஓயாமல் உராய்ந்து தானாகவே கூராகிக்கொண்டிருப்பது. அது தலையைக் கீழிருந்து மேலாக ஒரு முறை வீசினால், சிப்பிப்பாறையின் தொடை முதல் அடிவயிறு வரை திறந்துவிடும்.

டோகோ அர்ஜென்டினோ, அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் அந்தோனியோ நோரெஸ் மார்ட்டினெஸ் என்பவர் 1928 முதல் பன்றி வேட்டைக்காகவே கலந்து உருவாக்கிய இனம். அது பன்றியைக் கவ்வினால் விடாது. அந்த இயல்பே முதன்முறை நாய் வளர்ப்பவருக்கு ஆபத்து. 2024 மார்ச்சில் தடை செய்யும்படி ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதிய 23 இனங்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது உண்மைதான். ஆனாலும் நெருக்கமான தெருக்கள் உள்ள வடசென்னையில் அந்த நாயை வார் பிடித்து நடத்துவது பழகாத கைக்கு ஆகாத வேலை.

மீதமிருப்பவை இராஜபாளையமும் கோம்பையும். இராஜபாளையத்தின் பெருமை எனக்குத் தெரியும். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ஒன்று அதற்குரியது. ஆனால் அந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. காது கேளாத நாயை இருட்டில், புதருக்குள் போனபின் எப்படித் திரும்ப அழைப்பீர்கள்? என் தேர்வு கோம்பைதான். தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய, செம்பழுப்பு உடலும் கரிய முகமும் கொண்ட அந்த நாய் அளவில் சிறியது, இறுகிய உடல்வாகு கொண்டது, பயந்து பின்வாங்காது. இருந்தாலும் கண்மூடித்தனமாகப் பாய்வதைவிடச் சுற்றி நின்று குரைப்பதையே விரும்பும்.

டெக்சாஸ்காரர்களும் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பன்றியை மோப்பம் பிடித்துத் தேடி, மறித்து நின்று குரைப்பதற்குக் கேட்டஹூலா, பிளாக் மவுத் கர் போன்ற இனங்கள். கவ்விப் பிடிப்பதற்கு அமெரிக்கன் புல்டாக், பிட்புல் போன்றவை. கவ்வும் நாயைக் கடைசி வரை வாரில் பிடித்தே கூட்டிச் செல்வார்கள். அதற்குக் கழுத்திலும் மார்பிலும் தடித்த காப்புத் துணி கட்டியிருக்கும். மறிக்கும் நாய்களின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை இருக்கும். புதிய குட்டியைத் தனியாக விடுவதில்லை. அனுபவமுள்ள மூத்த நாயோடுதான் பழக்குவார்கள். அப்படி ஒரு மூத்த நாய் உங்களிடம் இல்லை என்பதுதான், இனத்தைவிடப் பெரிய குறை.

வேப்பேரி மாணவி:

நான் கால்நடை மருத்துவம் படிப்பவள். கொளத்தூர் அண்ணா இனங்களைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேட்டை கூடுமா என்ற கேள்வியைத் தாண்டிவிட்டு எந்த நாய் என்ற கேள்விக்குப் போய்விட்டார் என்பதே என் மறுப்பு. டெக்சாஸில் உள்ள பன்றி அந்த மண்ணுக்குரியதல்ல. ஸ்பானியர்கள் கொண்டுவந்தவையும், பின்னாளில் வேட்டைக்காக இறக்குமதியான ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து பெருகிய கூட்டம். அங்கே 2019 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவோடு அவற்றை வேட்டையாட உரிமம்கூடத் தேவையில்லை. நம் காட்டுப்பன்றியோ இந்த மண்ணின் விலங்கு, புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பின் அது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொல்வதை மட்டுமல்லாமல், விரட்டுவது, பொறி வைப்பது, இரை வைத்து வரவழைப்பது, இவற்றுக்கான முயற்சி என எல்லாவற்றையும் அந்தச் சட்டம் வேட்டையாகவே கணக்கில் எடுக்கிறது. நாயை ஏவிவிட்டு நான் துப்பாக்கியையே தொடவில்லை என்று சொல்வது அங்கே எடுபடாது. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது.

காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்றி குத்திய நாயை மேசையில் கிடத்தும்போது வெளியே தெரிவது பெரும்பாலும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளைதான். முடியை மழித்துவிட்டு ஆய்வுக் கம்பியை உள்ளே விட்டால், தோலும் தசையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பிரிந்து, உள்ளே மண்ணும் முடியும் அடைந்திருப்பது தெரியும். அதைக் கழுவாமல் வெளியே மட்டும் தைத்து மூடினால் சில நாட்களில் சீழ் வைத்து நாய் செத்துப்போகும். மார்பில் குத்துப்பட்டு நுரையீரல் சுருங்கிவிட்டால், ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து இரவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் உயிர் இருக்காது.

மீஞ்சூர் உழவர்:

அம்மா, சட்டத்தை நீங்கள் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் விதை, உரம், ஆள்கூலி என்று கடன் வாங்கிப் போட்டவன், விடியற்காலையில் வரப்பில் நின்று கிளறிக் கிடக்கும் மண்ணைப் பார்க்கும்போது, இது புலிக்கு இரை என்ற பேச்சு அவன் காதில் ஏறாது. என் சகலை நிலத்தில் பன்றி புகுந்தபோது உரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அறுவடை முடிந்தபின்தான் பார்வையிட ஆள் வந்தார். அதுவரை என்ன செய்வது? மின்வேலி போடக் கூடாது, வெடி வைக்கக் கூடாது என்பவற்றை நான் முழுமனதோடு ஏற்கிறேன். திருட்டு மின்சாரத்தில் போட்ட கம்பியில் மனிதர்களும் யானைகளும் செத்ததை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. அந்தக் கொடுமைகளைவிட நாய் மேலானதல்லவா? நாயும் கூடாது என்றால், இழப்பு முழுவதையும் உழவனே சுமக்க வேண்டும் என்றுதானே பொருள்?

வேப்பேரி மாணவி:

ஐயா, இழப்பை உழவரே சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். தம்பியின் மாமா செய்ய வேண்டிய முதல் வேலை, தம் நிலம் இந்த மூன்றில் எதில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது. மனு தாமதமாகிறது என்பது உண்மையான குறை. ஊரார் பலர் சேர்ந்து, சேதத்தைப் படம் எடுத்து, பருவம் தொடங்கும்போதே கொடுத்தால் அதன் எடை கூடும். நாய் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வயலின் எல்லைக்குள் நின்று குரைத்துக் காவல் காக்கும் நாய் வேறு, காட்டுக்குள் விட்டு விரட்டவைக்கும் நாய் வேறு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயைப் பெயரோடு பொறித்திருக்கிறார்கள். காவல் நாயை நம்மவர்கள் அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார்கள்.

கொளத்தூர் ஏரிக்கரை:

சட்டம் இப்படித்தான் இருக்கிறது என்றால் நான் வேட்டைக்கு வழி சொல்லப் போவதில்லை. ஆனால் காவலுக்கென்றாலும் பயிற்சி வேண்டும். அது வெறுமனே கட்டிப்போட்டுச் சோறு போடுவதல்ல. மூன்று வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ, எதை மோந்து பழகுகிறதோ, அதை ஆயுள் முழுவதும் அஞ்சாது. ஆடு, மாடு, கோழி, அறுவடை ஆட்கள், டிராக்டர் சத்தம் எல்லாம் அந்த வயதில் பழக வேண்டும். பிறகு மூன்றே கட்டளைகள்: வா, இரு, விடு. முப்பது அடிக் கயிற்றில் விட்டு, ஊதல் ஒலித்ததும் திரும்பி வந்தால் உடனே தீனி. கயிறு இல்லாமல் விடுவது, கோழி ஓடும்போதும் ஊதலுக்குத் திரும்புகிற நாள் வந்தபின்தான். ஆட்டை ஒரு முறை துரத்த விட்டுவிட்டால் அந்தச் சுவை போகாது. பக்கத்து நிலத்துக்காரரோடு பகையும் வந்து சேரும். வெயில் ஏறுவதற்கு முன்பே பயிற்சியை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிப்பு வந்து விழுந்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் வேப்பேரித் தங்கையோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பன்றி வாடையே அறியாத நாய், முதல் இரவில் ஒன்று மிரண்டு ஓடும், அல்லது வெறியோடு பாய்ந்து கிழிபடும். அடைப்புக்குள் ஒரு சிறு பன்றியை விட்டு, வெளியே நின்று குரைக்கப் பழக்குவதை டெக்சாஸில் பலரும் செய்கிறார்கள். காவல் நாய்க்கும் அது தேவை.

வேப்பேரி மாணவி:

தேவை அல்ல, அண்ணா. காட்டுப்பன்றிக் குட்டியைப் பிடித்து அடைப்பதே வேட்டைக் குற்றம். வீட்டுப் பன்றியை அடைத்து வைத்து நாயால் மிரட்டினால் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குறுக்கே வரும். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் நோய் இருக்கிறது. பன்றியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் நாய்க்கு வரும். நாயிடமிருந்து வளர்ப்பவருக்கும் வரும். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலால் செத்தன. அது நாயையும் மனிதரையும் தாக்காது, ஆனால் செருப்பிலும் நாயின் காலிலும் ஒட்டி அடுத்த பட்டிக்குப் போகும். வாடை பழக வேண்டும் என்றால், பன்றி இறங்கிய மறுநாள் காலையில், வாரில் பிடித்தபடி, கிளறிய இடத்தையும் கால்தடத்தையும் மோப்பம் பிடிக்க விடுங்கள். மோந்துவிட்டுக் குரைத்தால் தீனி கொடுங்கள். எந்த விலங்கையும் துன்புறுத்தாமல் பழக்குவதற்கு அது போதும்.

மீஞ்சூர் உழவர்:

வாடை பழகியபின்னும் ஒரு நாய் போதாது என்பதை நான் சொல்லியாக வேண்டும். தனி நாயின் குரைப்புக்குப் பன்றி சில இரவுகளில் பழகிவிடும். தாய்ப்பன்றி குட்டிகளோடு வந்தால் நாயையே திருப்பி விரட்டும். இரண்டு நாய்கள் வேண்டும். அவை குரைத்தவுடன் டார்ச்சோடும் தகரத்தோடும் எழுந்து வரும் ஆள் பரணில் இருக்க வேண்டும். ஆளே படுக்காத நிலத்தில் நாயை மட்டும் கட்டிப்போடுவது அந்த வாயில்லா உயிருக்குச் செய்யும் துரோகம். சுடும் அனுமதி கிடைக்கும் இடங்களில் அதைத் தாமதமின்றி நடத்த வேண்டும் என்ற என் கோரிக்கையையும் நான் விடப் போவதில்லை. காவல் நாய் அதற்கு மாற்று என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

தண்டையார்பேட்டை புதியவன்:

வேட்டை எண்ணத்தைக் கைவிடுகிறேன். மாமாவின் நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பரணில் மாமாவும் அவருடைய மகனும் மாறி மாறிப் படுக்கிறார்கள். கோம்பைக் குட்டிகள் இரண்டை எடுத்தால், முதல் ஆறு மாதம் தண்டையார்பேட்டையில் என் வீட்டில் வளர்க்கலாமா? பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் விற்கும் இடத்தில் வாங்கலாமா?

கொளத்தூர் ஏரிக்கரை:

இரண்டுமே வேண்டாம், தம்பி. காவல் காக்க வேண்டிய மண்ணிலேயே குட்டி வளர வேண்டும். நீங்கள் வார இறுதிகளில் போய்ப் பயிற்சி கொடுங்கள், அன்றாடத் தீனி மாமா கையால் இருக்கட்டும். சென்னைக்குள் வைத்தால் மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். சந்தைக் குட்டியின் தாயை உங்களால் பார்க்க முடியாது. வளர்ப்பவரின் வீட்டுக்குப் போய், அந்நியரைக் கண்டதும் தாய் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். ஒரே ஈற்றில் இரண்டையும் எடுக்காதீர்கள்; அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மனிதர் பேச்சைக் கேளாமல் போகும். முதல் நாய் பழகி ஓராண்டு ஆனபின் இரண்டாவதை எடுத்தால், நான் முன்பு சொன்ன மூத்த நாய் உங்களுக்கே கிடைத்துவிடும். எந்தக் குட்டியானாலும் காதைச் சோதியுங்கள்: மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து, அது தூங்கும்போது பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வில் விழித்துவிடும்.

வேப்பேரி மாணவி:

தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்குங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில், பல நோய்களுக்கு ஒன்றாகப் போடும் முதல் கூட்டு ஊசி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும், மூன்று மாதத்தில் ரேபீஸ் ஊசி. எலிக்காய்ச்சலுக்கான ஊசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். மழைநீர் தேங்கும் கடலை நிலத்தில் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.