ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறையும் வண்டி: நாங்கள் கண்ட காரணங்கள்

சேலம் உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2011-ஆம் ஆண்டில் வாங்கிய 150 சிசி பைக், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு குறையும் வைக்காமல் ஓடியது, சென்ற கோடையில் இரண்டு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. காரணம் கிடைத்தபோது அது கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க நாமக்கல் போவது என் வழக்கம். மல்லூர் வரை வண்டி நன்றாகப் போகும். ஆண்டகளூர்கேட்டை நெருங்கும்போது திராட்டிலை எவ்வளவு முறுக்கினாலும் வேகம் ஏறாது. 65-இல் போய்க்கொண்டிருந்தது 50-க்கு இறங்கும், பிறகு 40-க்கு இறங்கும், இரண்டு மூன்று முறை குலுங்கிவிட்டு நின்றுவிடும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்து உதைத்தால், எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். ஒரு நாள் மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டரைக் கடக்கும்போது இப்படி இழுவை போனது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தபடியே வேகத்தைக் குறைத்து எங்களை இடப்பக்கம் ஒதுங்க விட்டார். அந்த மனிதரின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அவருக்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

பட்டறையில் முதலில் எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கை மாற்றினார்கள். அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரையும் மாற்றினார்கள். மூன்றாவது முறை, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் மெக்கானிக் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டி நல்லாத்தானே இருக்கு சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு கிலோமீட்டரில் அந்தக் கோளாறு தலைகாட்டாது என்பது எனக்கும் அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நடப்பதை ஒரு தாளில் குறித்துவைக்கத் தொடங்கினேன். ஊருக்குள் அலுவலகம் போய்வரும்போது ஒருநாளும் நின்றதில்லை. நெடுஞ்சாலையில் மட்டுமே நின்றது. அதிலும் சீலநாயக்கன்பட்டியில் டேங்கை நிரப்பிக்கொண்டு போன நாட்களில் சீக்கிரமாகவும், அரை டேங்குடன் போன நாட்களில் சற்றுத் தள்ளியும் நின்றது. ஒரு முறை இழுவை குறையத் தொடங்கியதும், கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கைச் சிறிது இழுத்துப் பார்த்தேன். வண்டி சில நொடிகள் நன்றாக இழுத்தது. தீப்பொறியில் குறை இருந்தால் சோக் இழுப்பதால் பயன் இருக்காது, பெட்ரோல்தான் போதவில்லை என்று அப்போது தோன்றியது. அடுத்த வாரம் நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை தெளிவாகக் கேட்டது. மூடியைப் பூட்டிவிட்டு உதைத்தேன். பத்து நிமிடம் காத்திருக்காமலே கிளம்பிற்று.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும், அதற்காக மூடியில் ஒரு நுண்ணிய துளை உண்டு. என் வண்டியில் அது தூசியும் பாலிஷும் சேர்ந்து ஏறக்குறைய அடைபட்டிருந்தது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. டேங்கிலுள்ள பெட்ரோலின் மட்டம் கார்புரேட்டருக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால், அது தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 50-இல் ஒரு பங்குதான். டேங்குக்குள் காற்றழுத்தம் அவ்வளவு குறைந்தாலே பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும்; அதன் பிறகு கார்புரேட்டரின் கிண்ணத்தில் மீந்திருக்கும் பெட்ரோல் தீரும்வரைதான் ஓட்டம். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது, அடைபட்ட துளை வழியே கசிந்த சிறிது காற்றே போதுமானதாக இருந்திருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் செலவு கூடியதும் போதவில்லை. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு என்பதால் வெற்றிடம் விரைவாக உருவானது. நிறுத்திவைத்த பத்து நிமிடத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விட, வண்டி குணமானதுபோல் தோன்றியது. நான் குறித்துவைத்த ஒவ்வொன்றுக்கும் இந்த ஒரு துளை விடை சொன்னது.

மூடியைக் கழற்றி, துளையில் மெல்லிய கம்பியை விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். செலவு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து நாமக்கல் வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: இதைச் சோதிக்க மூடியைத் தளர்த்தி வைத்தபடி யாரும் வண்டியை ஓட்ட வேண்டாம். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சிந்தும்.

பொள்ளாச்சி உறுப்பினர்

ஐயா எழுதியது போன்ற அறிகுறியோடுதான் நானும் தொடங்கினேன், ஆனால் முடிவு வேறாக இருந்தது. ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன நான், ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையைத் தாண்டியதும் வண்டி ஏற மறுப்பதை உணர்ந்தேன். பெட்ரோல் போதவில்லை என்றே நினைத்தேன். தங்கைதான், "அக்கா, சத்தம் ஏறுது, வண்டி ஏறலையே" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். எஞ்சினின் சுற்று ஏறிக்கொண்டே போனது, வேகம் மட்டும் கூடவில்லை. கருகிய வாடையும் வந்தது. எஞ்சின் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. அதன் சுழற்சியைச் சக்கரத்தை நோக்கிக் கடத்தும் கிளட்ச்தான் வழுக்கியது.

காரணம் என்னுடைய தவறுதான். முந்தைய மாதம் வீட்டில் காருக்காக வாங்கி மீந்திருந்த ஆயிலை வண்டியில் ஊற்றியிருந்தேன். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே இயங்குகிறது. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருட்களைச் சேர்ப்பார்கள், அவை கிளட்ச் பிளேட்டுகளையும் வழுக்கச் செய்துவிடும். ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற தரக்குறியீடு (ஜாசோ என்பது ஜப்பானியத் தர அமைப்பு) அச்சிட்டிருந்தால் அது இத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்றது. 'எம்பி' என்று இருந்தால் அதை வாங்கக் கூடாது. அது உராய்வு குறைந்த வகை, ஸ்கூட்டர்களுக்கு உரியது. ஆயிலை மாற்றிய பிறகும் வழுக்கல் முழுதாகப் போகவில்லை, பிளேட்டுகள் கருகியிருந்ததால் அவற்றையும் ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. கிளட்ச் கேபிளைத் தளர்வே இல்லாமல் இறுக்கி வைத்தாலும் இதே கோளாறு வரும் என்று பட்டறையில் சொன்னார்கள்.

கடலூர் உறுப்பினர்

என் வண்டி கார்புரேட்டர் இல்லாத, 2021-ஆம் ஆண்டு பிஎஸ்6 (இந்திய அரசின் புகை வெளியீட்டு விதிமுறை) வகை. ஒரு மழைக்காலத்தில் ஒரு வாரம் வாசலிலேயே நனைந்து நின்றது. பிறகு எடுத்து ஓட்டியபோது வெட்டி வெட்டி இழுத்து, எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. டேங்கிலிருந்ததைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பார்த்தபோது இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து நின்றது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். அந்த அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் இருப்பதும் டேங்கின் அடியில்தான், ஆகவே முதலில் அதைத்தான் உறிஞ்சும். டேங்கைக் கழுவி, பம்பின் வலையை மாற்றியதும் சரியாயிற்று.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதைத்தான் வெகுநேரம் தேடினோம். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடிய ஒரு சிறு வழி இருக்கிறது. அதில் மண் அடைத்து, தேங்கிய நீர் தளர்ந்துபோன ரப்பர் வழியாக உள்ளே கசிந்திருந்தது.

யாழ்ப்பாணம் உறுப்பினர்

சிறிதாக ஒன்றைச் சேர்க்கிறேன். எனது 125 சிசி மோட்டார் சைக்கிள் ஏ9 வீதியில் பரந்தனைத் தாண்டியதும் நின்றுவிடும். ஆனால் மேலே எழுதியவர்களுக்கு நடந்ததுபோல் மெல்லத் தளர்ந்து நிற்காது. சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல் ஒரே கணத்தில் ஓய்ந்துவிடும். அரை மணிநேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஒரு முறை சூடாக நின்ற இடத்திலேயே வேறொரு பிளக்கை மாட்டி எஞ்சின் மீது வைத்து உதைத்துப் பார்த்தேன், தீப்பொறி வரவில்லை. தீப்பொறி எப்போது வர வேண்டும் என்பதற்குச் சைகை தரும் பல்சர் காயிலின் மின்தடையை அளந்தபோது குளிர்ந்த நிலையில் சரியாகவே காட்டியது. சூடானதும் இணைப்பே அறுந்ததாகக் காட்டியது. குளிர்ந்த வண்டியில் மட்டும் அளந்திருந்தால் அந்தக் காயிலை நல்லதென்று விட்டிருப்போம்.

சேலம் உறுப்பினர்

கடலூர் நண்பருக்கு நன்றி. அவர் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை என் வண்டியின் மூடிப் பள்ளத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் வடியவில்லை. துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். கீழே தொங்கும் குழாயின் முனையிலிருந்து ஒரு விரல்கடை நீளத்துக்குச் செம்மண் கட்டியாக விழுந்தது.