வேலைய விடலாமா வேணாமா, கொஞ்சம் சொல்லுங்க

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில குவாலிட்டி செக்சன்ல இருக்கேன், 4 வருசம் 5 மாசம் ஆச்சு. கையில 36 ஆயிரம் வருது. பைக்ல பத்தே நிமிசம், மதியம் வீட்டுக்கு வந்து சூடா சாப்ட்டுட்டுப் போயிருவேன், 11 மணிக்கு டீக்கார அண்ணன் நான் கேக்காமயே சக்கர கம்மியா போட்டுக் குடுப்பாரு, அந்தளவுக்கு செட் ஆயிட்டேன். ஆனா அதேதான் பயமாவும் இருக்கு. வெர்னியர்ங்கற அளவு கருவிய எடுத்து பம்போட வெளிக்கூட்ட (கேசிங்) அளக்கறது, ரிப்போர்ட் போடறது, வந்த நாள்ல செஞ்ச வேலையத்தான் இன்னிக்கும் செய்யறேன்.

இப்ப ஓசூர்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்ட்ஸ் பண்ற எடத்துல கூப்புடறாங்க, 52 ஆயிரம். ஷிப்ட் உண்டு, நைட்டும் வரும். வாடக, சாப்பாடு, வாராவாரம் பஸ்சுன்னு கணக்கு போட்டா மிச்சம் பெருசா ஒண்ணுமில்ல. அப்பாக்கு வேற முட்டி வலி, அம்மா தனியா சமாளிக்கணும்.

இன்னொரு கொழப்பம் கிராஜுவிட்டி, அதான் வேலைய விட்டுப் போறப்ப சர்வீஸ் கணக்குக்கு கம்பெனி குடுக்கற பணம். 5 வருசம் முடிஞ்சாத்தான்னு சொல்றாங்க, பேசிக் சம்பளம் 22 ஆயிரத்துக்கு வருசத்துக்கு 15 நாள் சம்பளம்ங்கற கணக்குல பாத்தா ஏறக்குறைய 63 ஆயிரம் வரும், அத விட்டுட்டுப் போக மனசு வரல. நாலு வருசத்தோட 240 நாள் இருந்தாலே போதும்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான், அப்படி யாராச்சும் நெசமா வாங்கிருக்கீங்களா? புதுக் கம்பெனி ரெண்டு மாசம்தான் டைம் குடுக்குது.

பம்ப்ல இருந்து வண்டி பக்கம் மாறுனவங்க இருந்தா அனுபவத்த சொல்லுங்க. "ரிஸ்க் எடு தம்பி"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அத மச்சான் தெனமும் சொல்லிட்டுத்தான் இருக்காரு.