மார்பிளில் வினிகர் பட்டு மங்கிவிட்டது, தேய்த்தாலும் போகவில்லை. ஆசிட் போடலாமா?

மொட்டைமாடி:
குளியலறையில் தரை, சுவர் இரண்டும் மார்பிள். உப்புத்தண்ணீர் என்பதால் குழாய்க்குக் கீழே வெள்ளையாகப் படிந்திருந்தது. வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்தால் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து அப்படியே செய்தேன். உப்பு போனது உண்மைதான், ஆனால் துணி ஒட்டியிருந்த இடம் முழுக்க, அதன் மடிந்த ஓரம் உட்பட, அச்செடுத்த மாதிரி மங்கிவிட்டது. ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, காய்ந்ததும் திரும்ப வருகிறது. சோப்புத்தூள், பேக்கிங் சோடா, கம்பி நார் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது சுற்றியும் மங்கல். கடைசியாக ஆசிட்தானா? இன்னொன்று, அந்தச் சுவரின் மறுபக்கத்து அறையில், தரையை ஒட்டிப் பூச்சு மாவு மாதிரி உதிர்கிறது.

ஈரத்துணி:
வேண்டாம் வேண்டாம், ஆசிட்டை எடுத்த இடத்திலேயே வையுங்கள்! அதிலும் ப்ளீச் போட்டுக் கழுவிய இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன குளியலறையில் மூச்சே விட முடியாது.

தண்ணிவண்டி:
எங்கள் வீட்டில் எலுமிச்சைச் சாறுதான், பளிச்சென்று இருக்கிறது. நீங்கள் சரியாகத் தேய்க்கவில்லை.

பழையரசமட்டம்:
தண்ணிவண்டி, உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக கிரானைட். அதன் குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் எலுமிச்சை ஒன்றும் செய்யாது. மார்பிள் கால்சியம் கார்பனேட். குழாய்க்குக் கீழே படிந்த வெள்ளையும் பெரும்பாலும் அதேதான். அதைக் கரைக்கிற எதுவும் கல்லையும் சேர்த்தே கரைக்கும், வினிகருக்கு எது கறை எது தரை என்று தெரியாது.

மொட்டைமாடி, உங்களுக்கு வந்திருப்பது கறையே இல்லை. மேல்தோல் அரிக்கப்பட்டுப் பொடிப்பொடிப் பள்ளமாகியிருக்கிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்புவதால்தான் ஈரத்தில் தெரிவதில்லை. கறை என்றால் பொதுவாகக் கல்லைவிடக் கருப்பாக இருக்கும், இது வெளிறி இருக்கும். சுத்தம் செய்து போக்க இதில் அழுக்கே இல்லை. சுற்றி மங்கியது கம்பி நாரின் வேலை, மார்பிளின் கடினம் மோஸ் அளவில் (கீறலைத் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்வது) 3தான். தரையில் கிடக்கும் மணலே 7. அதனால்தான் முதலில் மண்ணைக் கூட்டிவிட்டு அப்புறம் மாப் போடச் சொல்கிறார்கள்.

மேலோட்டமான மங்கல் என்றால் மார்பிள் பாலிஷ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஈரத்துணியால் வட்டமாகத் தேயுங்கள், காய விடாமல் கழுவிவிடுங்கள். பலவற்றில் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கும், கையுறை கட்டாயம். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் பவுடர் போதாது, டைமண்ட் பேடால் (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு) தண்ணீர் விட்டு, 400 எண்ணில் தொடங்கி 800, 1500, 3000 என்று மேலும் மேலும் நைஸானதாக மாற்றி இழைக்க வேண்டும். எதுவானாலும் கதவுக்குப் பின்னால் முதலில் செய்து பாருங்கள்.

மொட்டைமாடி:
வினிகரே அமிலம் என்பது தெரியும், இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. சீலர் அடித்திருந்தால் தப்பித்திருக்குமா?

பழையரசமட்டம்:
இல்லை. கல்லுக்குள் ஊறும் சீலர், எண்ணெயோ காபியோ உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அமிலத்தை நிறுத்தாது. இனி கல்லுக்கென்று விற்கும் நியூட்ரல் கிளீனர் (அமிலமும் காரமும் இல்லாதது) போதும். குளித்ததும் வைப்பரால் தண்ணீரை வழித்துவிட்டால் உப்பு அவ்வளவாகப் படியாது.

ஈரத்துணி:
மறுபக்கச் சுவரை யாரும் சொல்லவில்லையே. அது உப்புப் பூப்பது. உள்ளே ஓடும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து வெளியே விட்டுவிட்டுக் காய்ந்துபோகிறது. கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும், உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. அது நிற்காமல் பெயிண்டோ சீலரோ அடித்தால் பூச்சு பொருக்காகப் பெயரும்.

மொட்டைமாடி (நான்கு நாள் கழித்து):
கதவுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஒரு சொட்டு வினிகர் விட்டேன், பொசுபொசுவென்று நுரைத்தது! அந்தப் புள்ளியில் பவுடரைப் பழகிவிட்டுப் பெரிய திட்டில் தேய்த்தேன். சரிபாதிக்கு மேல் போய்விட்டது, துணி மடிந்த ஓரம் மட்டும் நகத்தில் தட்டுகிறது, அதற்கு பேடு வைத்திருப்பவரை வரச் சொல்லியிருக்கிறேன். தாளின் சுவர்ப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பிளம்பர் வந்து பார்த்தார், ஷவருக்குக் கீழே கல் இடுக்கில் அடைத்திருந்த பூச்சு முழுக்க உதிர்ந்து கிடக்கிறதாம்.


ஈரத்துணி:
அந்த இடுக்கைச் சரிசெய்த பிறகும் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும், உடனே பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.