உயரக் கணவாய்களில் குழுப் பயணம்: வேகத்தை முடிவு செய்வது யார்?

வழித்துணை:
நான்காயிரம் மீட்டருக்கு மேலே ஏறும் கணவாய்களில் குழுவாக பைக் ஓட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குழுவின் வேகத்தை யார் முடிவு செய்ய வேண்டும்? குழுவிலேயே மெதுவாக ஓட்டுகிறவர்தான் என்பது என் கட்சி. அவரை லீடுக்கு, அதாவது முன்னால் போய் வழிநடத்துகிறவருக்கு, அடுத்த இடத்தில் விடுங்கள். லீட் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டட்டும், மற்றவர்கள் பின்னால் வரட்டும். கடைசியில் அனுபவசாலி ஒருவர் ஸ்வீப்பாக வர வேண்டும். டூல் கிட், பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி மூன்றும் அவரிடம் இருக்கட்டும்.

"அவரவர் வேகத்தில் போவோம், மேலே சந்திப்போம்" என்கிற வழக்கத்தை அடியோடு எதிர்க்கிறேன். சமவெளியில் அப்படிப் போகலாம். மலையில் முன்னால் போனவர் கணவாய் உச்சியில், காற்றும் குளிரும் அடிக்கிற இடத்தில், பின்னால் வருகிறவருக்காகக் காத்து நிற்கிறார். பின்னால் வருகிறவர் வழியில் விழுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. போனில் சிக்னலும் இருக்காது.

ஒற்றைச்சக்கரம்:
கடுமையாக மறுக்கிறேன். மெதுவாக ஓட்டுகிறவரை இரண்டாவது இடத்தில் வைத்தால் அவர் கண்ணாடியில் தெரிவது பின்னால் வரிசையாக வரும் ஹெட்லைட்டுகள்தான். யாரும் ஹார்ன் அடிக்க வேண்டாம், ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். நம்மால்தான் எல்லோருக்கும் தாமதம் என்று அவரே நினைத்துக்கொண்டு, தன் கைக்கு மீறி ஓட்ட ஆரம்பிப்பார்.

கொண்டை ஊசி வளைவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏற்றத்தில் முதல் வண்டி ஃபர்ஸ்ட் கியருக்கு வந்து மெதுவாகத் திரும்பும். ஒட்டி வருகிற மூன்றாவது வண்டி வளைவின் நடுவிலேயே நிற்க வேண்டியதாகிவிடும். உட்பக்கச் சரிவில், பின்னால் சுமை கட்டிய வண்டியை நிறுத்திப் பாருங்கள். பள்ளம் இருக்கிற பக்கம் கால் எட்டாது. வண்டி அந்தப் பக்கமே சாயும். அதோடு, முன் வண்டியின் பின்விளக்கையே பார்த்து ஓட்டுகிறவர் வளைவு முடியும் இடத்தைப் பார்ப்பதில்லை. அகலமாகப் போய் எதிர் லாரியின் பாதையில் நுழைவது இப்படித்தான்.

இதற்கு நல்ல முறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பாதை பிரியும் இடம் வந்தால் லீடுக்கு அடுத்தவர் நின்று, வருகிறவர்களுக்கு வழி காட்டுவார். ஸ்வீப் வந்து சேர்ந்ததும் அவர் கிளம்பி ஸ்வீப்புக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் வேறொருவர். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை, யாரும் வழி தவறுவதும் இல்லை.

மருந்துப்பை:
இருவரும் சக்கரத்தின் வேகத்தையே பேசுகிறீர்கள். இந்த உயரத்தில் முதலில் பார்க்க வேண்டியது இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பது. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் தங்குங்கள் என்பதே மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. பகலில் உயரமான கணவாயைத் தாண்டிவிட்டு, தாழ்ந்த இடத்தில் இறங்கித் தூங்கலாம். அது நல்லதும்கூட.

ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர். ஏறிவிட்டு அன்றே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவார்கள். அங்கே ஒற்றைச்சக்கரம் சொல்கிற வாதம் எடுபடும், வளைவுகள்தான் அங்கே கவலை. மத்திய ஆசியாவின் பாமீர் நெடுஞ்சாலையோ நம் இமயமலையின் மணாலி–லே பாதையோ அப்படி இல்லை. மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். முதல் இரவு ஜிஸ்பாவில், சுமார் 3,200. இரண்டாம் இரவு சர்ச்சுவில் என்றால் சுமார் 4,300. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் கூடிவிட்டது. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோத்தங் கணவாய் ஏறாமலே அதற்கு அப்பால் இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். பயணம் சுலபமாயிற்று, உடம்பு பழகும் நேரம் மட்டும் குறைந்துவிட்டது.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் நல்ல உடற்பயிற்சி உள்ளவரையும் பிடிக்கும். குழுவிலேயே வேகமாக ஓட்டுகிறவருக்குத்தான் அன்று இரவு முதலில் தலைவலி வரலாம். அதனால் வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் மெதுவாக ஓட்டுகிறவர் என்பதையும் நான் ஒப்பவில்லை. அன்று யாருக்கு உடம்பு முடியவில்லையோ, அவர்தான்.

ஒற்றைச்சக்கரம்:
கொள்கையாகச் சரி. ஆனால் அந்தப் பாதையில் 500 மீட்டருக்கு ஒரு தங்குமிடம் வரிசையாக இல்லையே. ஜிஸ்பாவிலிருந்து விடியலில் கிளம்பி பாரலாச்சா, லாச்சுலுங், 5,300 மீட்டரைத் தாண்டுகிற தங்லாங் ஆகிய கணவாய்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கடந்து, 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் தூங்குகிறவர்களும் உண்டு. உங்கள் கணக்குப்படி சர்ச்சுவில் தூங்குவதைவிட அது நல்லது. அந்த 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நாளைக் குழு முழுவதையும் ஒட்டவைத்துக்கொண்டு முடிக்க முடியுமா? இருட்டிவிடும். சிறு குழுக்களாகப் பிரிந்தால் முடியும். உயர நோயைத் தடுக்கப் போடுகிற அசெட்டசோலமைடு மாத்திரையும் இருக்கிறதே.

மருந்துப்பை:
மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். உடம்பு பழகுவதை அது விரைவுபடுத்தும், அவ்வளவுதான். மாத்திரை போட்டிருக்கிறேன் என்று தலைவலியோடு மேலே ஏறுவது ஆபத்து.

அந்த ஒரே நாள் திட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உயர நோய் பெரும்பாலும் ஏறிய சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். லாச்சுலுங்குக்கும் தங்லாங்குக்கும் நடுவில் இருக்கும் பாங் பக்கம் வரும்போது ஒருவருக்கு முடியவில்லை என்றால், எந்தப் பக்கம் போனாலும் இறங்குவதற்கு முன் ஐயாயிரம் மீட்டரை ஒட்டியோ தாண்டியோ ஒரு கணவாயைக் கடந்தாக வேண்டும். அதை இரண்டு பேர் தனியாகச் சமாளிக்கட்டும் என்று விட்டுவிடுவீர்களா?

கார்புரேட்டர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இஞ்சினைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் சக்தி போகும். ஐயாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை நெருங்கிவிடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் அளவு அப்படியே போய், காற்று மட்டும் குறைவதால் கரும்புகை தள்ளும், திணறும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கலவையைத் திருத்திக்கொள்ளும், ஆனால் இழந்த சக்தியைத் திருப்பித் தராது. பின்சீட்டில் ஆளும் பெட்டியும் ஏற்றிய சிறிய வண்டி, ஹாஃப் கிளட்சிலேயே ஏறிக் கிளட்ச் பிளேட்டைக் கருக்கிக்கொள்ளும். நீங்கள் மெதுவான ஓட்டுநர் என்று சொல்கிறவர் பல நேரம் மூச்சு முட்டுகிற வண்டியில் இருக்கிறவர்தான். முதலில் அவருடைய சுமையை எடுத்துப் பெரிய வண்டிகளில் கட்டுங்கள், அப்புறம் வேகத்தைப் பற்றிச் சண்டை போடலாம்.

வழித்துணை:
கார்புரேட்டர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒற்றைச்சக்கரம், வளைவில் ஒட்டி ஓட்டுங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. வளைவுக்கு முன்பே ஒற்றை வரிசைக்கு வந்து, முன் வண்டி முழுதாகத் திரும்பி முடிக்கிற வரை அடுத்தவர் நுழையாமல் இருக்கலாம். வரிசையில் இடைவெளி இருந்தாலும் குழு ஒரே குழுதான்.

நான் கேட்பது வேறு. பிரிவுக்குப் பிரிவு ஒருவர் நிற்கும் முறை என்றீர்கள். இந்தக் கணவாய்ப் பாதைகளில் பிரிவே இல்லையே! பல கிலோமீட்டர் ஒரே சாலை. பிரிவு வந்தால்தான் நிற்போம் என்றால் லீடுக்கும் ஸ்வீப்புக்கும் நடுவில் ஒரு மலையே வந்துவிடும். ஓடைகளையும் மறந்துவிடாதீர்கள். பனி உருகி வருகிற தண்ணீர், காலையில் கணுக்கால் அளவு, வெயில் ஏறிய பிறகு அதே இடத்தில் முழங்கால் அளவுகூட வரும். முதலில் போனவர்கள் சுலபமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். கடைசியில் வரும் இரண்டு பேர் பிற்பகலில், உருண்டைக் கற்களின் மேல், வண்டியைப் பிடிக்க ஆள் இல்லாமல் இறங்க வேண்டும்.

ஒற்றைச்சக்கரம்:
ஓடை விஷயத்தில் மறுப்பே இல்லை. ஓடைக்கு முன் எல்லோரும் நிற்க வேண்டும். ஒருவர் நடந்து ஆழம் பார்க்க வேண்டும். ஒவ்வொருவராகத் தாண்டும்போது, விழுந்தால் பிடிக்க இரண்டு பேர் நீரோட்டத்துக்கு மேல்பக்கம் நிற்க வேண்டும், கீழ்ப்பக்கம் நின்றால் வண்டி அவர்கள் மேலேயே வரும். அதே காரணத்துக்காகத்தான் சீக்கிரம் கிளம்பச் சொல்கிறேன். ஆனால் ரொம்ப சீக்கிரம் என்றால், இரவில் ஓடிய தண்ணீர் நிழல் வளைவில் கண்ணாடியாக உறைந்திருக்கும். அன்றைய வானிலையைப் பார்த்து லீட் எடுக்க வேண்டிய முடிவு அது.

பிரிவு இல்லாத சாலைக்கு, நிற்கும் இடங்களைக் காலையிலேயே குறித்துக்கொள்ளலாம்: ஏற்றம் தொடங்கும் இடம், ஓடைகள், உச்சிக்குச் சற்று முன், இறக்கத்தில் முதல் கிராமம். உச்சியில் எல்லோரும் ஒன்றுசேர வேண்டாம், படம் எடுத்துவிட்டு இறங்கிவிடலாம். நடுவில் மூன்று மூன்று பேராக அவரவர் வேகத்தில். தனியாக யாரும் இல்லை. ஒரே வரிசையாக ஓட்ட நான் இன்னும் ஒப்பவில்லை.

மருந்துப்பை:
மூன்று பேர் என்றால் சம்மதிக்கிறேன். ஒருவருக்கு முடியவில்லை என்றால் ஒருவர் அவரோடு இருப்பார், ஒருவர் மற்றவர்களைத் தேடிப் போவார். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். தலைவலியா என்று கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள், குழுவை நிறுத்திவிடுவோமோ என்ற கூச்சம். வண்டியை நிறுத்தும்போது கால் ஊன்றத் தடுமாறுகிறாரா, ஸ்டாண்டைத் தேடித் தேடித் தட்டுகிறாரா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் நேர்கோட்டில் குதிகாலை முன்பாதத்தின் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டிலும் உடனே இறக்க வேண்டும். அவர் வண்டி ஓட்டக் கூடாது, வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் கொடுங்கள், ஆனால் அதைக் கொடுத்துக்கொண்டே அங்கேயே காத்திருக்காதீர்கள்.

அவரோடு இறங்கப் போகிறவர் யார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய், கணவாய் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், நான் இறங்குகிறேன் என்று தானாக முன்வருகிறவர்கள் குறைவு.

வழித்துணை:
இறங்கப் போகிறவராக என் பெயரை எழுதிக்கொள்கிறேன். நிற்கும் இடங்களைக் குறிக்கும் யோசனையையும் எங்கள் குழுவில் வைக்கிறேன். மெதுவாக வருகிற மூவர் எப்போதும் ஸ்வீப்போடு கடைசியில் வரக் கூடாது, நடுவில்தான் வர வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசியில் போட்டால், அவர்கள் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்துக் கிளம்பத் தயாராக இருப்பார்கள். நாள் முழுக்க அவர்களுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

ஒற்றைச்சக்கரம்:
அதற்குக் கடைசியாக வந்தவர் தண்ணீர் குடித்து, கையுறையைக் கழற்றிக் கை சூடாகிற வரை யாரும் இஞ்சினைத் தொடக் கூடாது என்று வைத்தால் போதும். நடுவில் போட்டால் மறுபடி பின்னால் ஹெட்லைட்டுகள்தான்.