அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், டாக்டர் சாந்தா: நம்ம பக்கத்து ஆட்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியை நடத்தின டாக்டர் சாந்தாவோட நிர்வாகம் எப்படிப்பட்டதுன்னு எங்க வீட்டுக்குப் புரிஞ்சது ஒரு கடிதத்தாலதான். 90-களில் எங்க ஆயாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புண். வெத்தலையோட புகையிலையும் சேர்த்து அடக்கிக்கிற பழக்கம். காரம் சாப்பிட முடியாமப் போனப்புறம்தான் வாயைத் திறந்து காட்டினாங்க. ராத்திரி ரயிலேறி எழும்பூரில் இறங்கி, நேரே அடையாறு. கரண்ட் வைத்தியம் (கதிர்வீச்சு சிகிச்சை) முடிஞ்சு, புண் ஆறி, ஊருக்குத் திரும்பியாச்சு.

அதுக்கப்புறம் செக்கப்புக்குப் போய்க்கிட்டே இருக்கணும். அண்ணன் கல்யாணத்துக்கு வளவு முழுக்க ஆள் தங்கியிருந்த சமயம், அந்தத் தடவை போக முடியல. கொஞ்ச நாள்ல தபால் வந்துச்சு. ஆயா பேரு, பதிவு எண், பரிசோதனைக்கு வரலையே, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருந்தாங்க. ஐயா அதை முகப்பில் உட்கார்ந்து ரெண்டு தடவை சத்தமாப் படிச்சார். 'பணம் கட்டின இடத்துல ரசீது குடுப்பான், யாருடா இப்படி விசாரிப்பான்'னார். அடுத்த வாரமே கூட்டிட்டுப் போனோம்.

எத்தனை பேர் குணமானாங்க, எத்தனை வருஷம் நல்லா இருந்தாங்கன்னு கணக்கு வேணும்னா நோயாளியை விடாமப் பின்தொடரணும். அதை ஒரு ஆஸ்பத்திரியோட அன்றாட வேலையாவே வச்சிருந்தாங்க. எனக்கு இதுதான் அவங்க செஞ்ச பெரிய காரியமாத் தெரியுது.

தேவகோட்டையிலிருந்து:

அந்த ஆஸ்பத்திரிக்கு வித்து போட்டவங்க நம்ம பக்கத்து மண்ணுதான், புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்க. 1954-ல ஆஸ்பத்திரி ஆரம்பிச்சப்ப மொத்தம் 12 படுக்கை. சாந்தா அரசுத் தேர்வு எழுதி, பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை உத்தரவும் கையில் வச்சிருந்தாங்க. அதை விட்டுட்டு 1955-ல இங்கே சேர்ந்தாங்க. அந்தக் காலத்துல ஒரு பொண்ணு பிரசவம் பார்க்கப் போகாம கேன்சர் பக்கம் போறதுன்னா சும்மாவா!

கோட்டையூரிலிருந்து:

எங்க பெரியாத்தாவுக்குத் துணையா அங்கே தங்கியிருக்கேன். டாக்டரம்மாவுக்கு அப்பவே எண்பது வயசு தாண்டியாச்சு. சின்ன உருவம், நரைச்ச முடி, சாதாரணப் புடவை. வராண்டாவில் நடந்து வந்தா உட்கார்ந்திருக்கிற கூட்டம் தன்னால எந்திரிக்கும். 1980-லேருந்து 1997 வரைக்கும் இயக்குநர், 2005-ல மகசேசே விருது, அப்புறம் பத்ம விபூஷண். இருந்தும் குடியிருந்தது ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயேதான்.

எங்க பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மா கூலி வேலைக்காரங்க. அவங்களுக்குச் செலவே இல்லை, எங்களால முடிஞ்சதை நாங்க கட்டினோம். மருந்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், பார்த்த டாக்டரும் ஒருத்தர்தான். நகரத்தார் வீட்டு ஆச்சின்னு தனிக் கவனிப்பு எதுவும் கிடையாது. பெரியாத்தா மொதல்ல முகம் சுளிச்சாங்க. ரெண்டு நாள் போனதும் அந்தம்மாவுக்கும் சேர்த்துக் காபி வாங்கிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாங்க.

2021 ஜனவரி 19, டாக்டரம்மா 93 வயசுல காலமான செய்தி டிவியில் வந்தப்ப, பெரியாத்தா பக்கத்துல உட்கார்ந்துதான் பார்த்தேன்.