டேட்டா மாறியதும் டேபிள் வியூவில் செலக்‌ஷன் போய்விடுகிறது

கேள்வி:
ஐபேட் ஆப், யுஐகிட் (ஆப்பிளின் திரை அமைக்கும் நூலகம்). இடப்பக்கம் பட்டியல் (டேபிள் வியூ), வலப்பக்கம் விவரம். சர்வரிலிருந்து டேட்டா வந்ததும், பட்டியலை முழுதாகத் திரும்ப ஏற்றும் ரீலோட்டேட்டாவைக் கூப்பிடுகிறேன். செலக்ட் செய்த வரிசையின் நிறம் போய்விடுகிறது, வலப்பக்கம் பழைய விவரமே நிற்கிறது. இன்டெக்ஸ்பாத்தை (வரிசையின் இட எண்) வைத்துத் திரும்ப செலக்ட் செய்தால் சில சமயம் பக்கத்து வரிசை மாட்டுகிறது.

பதில் 1:
ரீலோட்டேட்டா செலக்‌ஷனைத் துடைத்துவிடும், அது பக் இல்லை. செலக்ட் போனதைச் சொல்லும் டிட்டீசெலக்ட் டெலிகேட் அழைப்பும் வராது, அதனால்தான் வலப்பக்கத்துக்கு விஷயமே தெரியவில்லை. இன்டெக்ஸ்பாத்தை நம்பாதீர்கள்: மேலே ஒரு வரிசை சேர்ந்தால் 3 இருந்தது 4 ஆகிவிடும். ரெக்கார்டின் ஐடியை வைத்துக்கொள்ளுங்கள். ரீலோட் ஆனதும் புது அரேயில் அந்த ஐடியைத் தேடி, செலக்ட்ரோவை அனிமேஷன் இல்லாமல், ஸ்க்ரோல் பொசிஷன் 'நன்' (பட்டியலை நகர்த்தாதே) கொடுத்துக் கூப்பிடுங்கள். இது, பயனர் தொட்டுச் செலக்ட் செய்தால் வரும் டிட்செலக்டைக் கூப்பிடாது, வலப்பக்கத்தை நீங்களே புதுப்பிக்க வேண்டும். ஐடி கிடைக்காவிட்டால் ரெக்கார்ட் நீக்கப்பட்டிருக்கிறது. வலப்பக்கத்தைக் காலி செய்யுங்கள்.

பதில் 2:
ஐஓஎஸ் 13 அல்லது அதற்கு மேல் என்றால், பழைய, புது டேட்டாவை ஒப்பிட்டு மாறியதை மட்டும் புதுப்பிக்கும் டிஃபபிள் டேட்டா சோர்ஸுக்கே போய்விடலாம், இந்தப் பாடே வேண்டாம். ஆனால் ஐட்டமாக ஐடியை மட்டும் கொடுங்கள். முழு ஸ்ட்ரக்டையும் (ரெக்கார்டின் எல்லா விவரமும்) கொடுத்தால் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பழையது நீக்கம், புதியது சேர்ப்பு என்றாகிவிடும், செலக்‌ஷன் காலி. உள்ளே இருப்பது மட்டும் மாறினால், ஐஓஎஸ் 15-இல் வந்த ரீகான்ஃபிகர்ஐட்டம்ஸ் அதே செல்லை (திரையில் அந்த வரிசையின் கட்டம்) வைத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
குறைந்தபட்சம் ஐஓஎஸ் 14 தர வேண்டும்.

பதில் 2:
அப்படியானால், மாற்றங்களை அனிமேஷனோடு காட்டவா என்று கேட்கும் அனிமேட்டிங்டிஃபரன்ஸஸுக்கு 'ஃபால்ஸ்' கொடுக்காதீர்கள். 15-க்கு முன் அது உள்ளுக்குள் ரீலோட்டேட்டாதான்.